பலகையில் பதினோரு சாந்தாமரியா

அத்தியாயம் ஐந்து

“என் ரத்தத்த நீங்க எப்போ எடுத்துப் பாத்தீங்க, பெரியவரே?”

எர்சிலியா சாந்தாமரியா மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள். முப்பத்தாறு வயது. கோடாலி பிடித்துப் பழகிய தோள்கள். கோவநேக்ரா வனச் சபையின் அறையில் இருந்த ஐந்து சபைக்காரர்களில் நான்கு பேர் அவசர அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஐந்தாமவர் மட்டும் அசையவில்லை. அவர்தான் சபைத் தலைவர் எர்மோகெனஸ் சாந்தாமரியா. எழுபது வயது. ஊர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பிஷப். தெருவில் நடக்கும்போதே எல்லோருக்கும் ஆசி வழங்குகிற மாதிரி ஒரு நடை.

“ரத்தத்த நான் ஏம்மா பாக்கணும்? காகிதம் இருக்கே.” பிஷப் ஒரு தாளை விரல் நுனியால் தள்ளினார். “பந்தலியோன், உன் தாத்தா. 1889-ல ஞானஸ்நானம். அப்பா பேர் தெரியாது, அம்மா பேர் தெரியாது. பூர்கோஸ் நகரத்து அனாதை விடுதியிலேர்ந்து பால் குடிக்க இங்க வந்த குழந்தை. சாந்தாமரியாங்கிறது கன்னியாஸ்திரிங்க போட்ட பேரு. உன்னுது விடுதிப் பேரு. எங்களுது வம்சப் பேரு. ரெண்டும் ஒண்ணாகுமா?”

கதவோரத்தில் இருந்த இரும்பு அடுப்பில் முதுகைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான் தெல்மோ. துப்பறியும் கசில்தா பெராலின் உதவியாளன், டிரைவர், சுமைதூக்கி, தேவைப்பட்டால் வாயாடி. சம்பளம் முதல் மூன்றுக்கு, நாலாவது இலவசம். நேற்று மாலை இந்த மலையூருக்கு வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரிந்திருந்தது. இங்கே காதலைவிடப் பெரிய விஷயம் பைன் மரம்.

வருஷா வருஷம் அக்டோபரில் பொதுக்காட்டு மரங்களுக்கு எண் போட்டு, ஊர்க் குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பங்கு கொடுப்பார்கள். பங்கு வேண்டுமென்றால் ஒரு வருஷமும் ஒரு நாளும் ஊரில் சொந்த அடுப்பு எரிந்திருக்க வேண்டும். சாந்தாமரியா, மெத்ரானோ, ஒலாயா, லபார்கா என்ற நான்கு பழைய வம்சங்களில் ஒன்றின் நேர் வாரிசாகவும் இருக்க வேண்டும். பெண்களுக்கும் உண்டு என்று சபை மனசு வைத்தது போன வருஷம், 1985-ல்தான். குலுக்கல் நாளை, ஞாயிறு பூசை முடிந்ததும். அதில் எர்சிலியாவின் பெயர் இருக்குமா இருக்காதா என்பதுதான் வழக்கு.

“வம்சம் வம்சம்னு சொல்றீங்களே, எங்கேர்ந்து வந்த வம்சம்?” என்று தெல்மோ கேட்டான்.

பிஷப்புக்கு இந்தக் கேள்வி பிடித்த கேள்வி. எழுந்து நின்றே பதில் சொன்னார். “அந்தக் காலத்துல படையெடுத்து வந்த மூர்கள இந்த மலையவிட்டுத் துரத்தின வீரன் ஒருத்தன், மேல இருக்கிற சாந்தாமரியா சிற்றாலயத்துக்குக் காவலா நின்னான். அவன் வழிதான் நாங்க. நம்பலைன்னா பலகையப் பாருங்க.”

சுவரில் கருவாலி மரப் பலகை ஒன்று தொங்கியது. 1874-ல் முதன்முதலாகப் பங்கு வாங்கிய இருபத்தாறு குடும்பத் தலைவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. அதன் கீழே ஐம்பத்தைந்து வயது கசில்தா கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் மாற்றி மாற்றி ஏற்றி, பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். மனிதர்களைவிட அவர்களுடைய பெயர்களோடு அவளுக்குப் பழக்கம் அதிகம்.

தெல்மோவும் பலகையைப் பார்த்தான். “மெத்ரானோவுக்கும் ஒலாயாவுக்கும் ரெண்டு ரெண்டு குடும்பப் பேர் செதுக்கியிருக்கு. உங்க ஆளுங்க பதினோரு பேருக்கும் ஒண்ணே ஒண்ணு. எவாரிஸ்தோ சாந்தாமரியா, லிபோரியோ சாந்தாமரியா, அவ்வளவுதான். பலகையில இடம் பத்தலையா?”

“அதுதாம்ப்பா அந்தஸ்து!” பிஷப் சிரித்தார். ஜன்னல்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். “மெத்ரானோன்னா எந்த மெத்ரானோன்னு கேப்பான். அம்மா பேரையும் சேத்துச் சொல்லணும். சாந்தாமரியான்னு சொன்னதுக்கப்புறம் மேல என்ன வேணும்? அரசருக்கு யாராவது ரெண்டு பேர் போடுவாங்களா? அந்த லிபோரியோ என் கொள்ளுத்தாத்தா.”

கசில்தா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். “நல்ல மரம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

*

வாசற்படியில் எர்சிலியா அவளை மறித்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“மேடம், எங்கப்பா நாப்பது வருஷம் இந்தக் காட்டுல அடுத்தவங்க மரத்த வெட்டினாரு. ஒவ்வொரு அக்டோபரும் இந்தச் சபைக்கு வந்து தொப்பியக் கழட்டிட்டு நிப்பாரு. ஒவ்வொரு அக்டோபரும் இல்லைன்னு அனுப்புவாங்க. கடைசியில அடுத்தவன் மரம் விழுந்துதான் செத்தாரு. எனக்கு அந்த மரத்த வித்துப் பணக்காரி ஆகணும்னு இல்ல. என் பேர் எழுதின ஒரு மரத்த என் கையால வெட்டணும். தாத்தாவப் பெத்தவன் இந்த ஊர் ஆள்தான்னு ஒரே ஒரு காகிதம் தேடிக் குடுங்க. போதும்.”

“எந்தக் காகிதம் இருக்கோ அதத்தான் தேடிக் குடுப்பேன், எர்சிலியா. வேணுங்கிற காகிதத்த எழுதிக் குடுக்கிறவங்க வேற ஆளுங்க,” என்றாள் கசில்தா.

எதிரே இருந்த மதுக்கடையில் தெல்மோவுக்கு ஒரு காபியும் பொரித்த பன்றித்தோலும் வந்தன. கசில்தாவுக்குக் காபியோடு மாகாணத்தின் டெலிபோன் டைரக்டரி வந்தது. அவளே கேட்டு வாங்கினாள்.

“எண்ணு.”

“எதை?”

“கோவநேக்ராவுல எத்தனை போன், அதுல எத்தனை சாந்தாமரியான்னு.”

தெல்மோ எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டு எண்ணினான். “மொத்தம் இருநூத்தி மூணு. சாந்தாமரியா நூத்தி நாப்பத்தெட்டு. மேடம், இந்த ஊர்ல எவனாவது ‘சாந்தாமரியா, உனக்கு போன்!’னு கத்தினா பூசையே பாதியில நின்னு போகும். அதான் ஆளுக்கு ஆள் பட்டப்பேர் வெச்சிருக்கான். பிஷப், ஓநாய், அரைமீசை...”

“பக்கத்து ஊரு?”

“ரெண்டு. அதுக்கு அடுத்த ஊரு... மூணு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. ஏன், இங்கேர்ந்து வெளிய போக இவங்களுக்கு வழி தெரியாதா?”

கசில்தா காபியை ஒரே மூச்சில் குடித்தாள். “சாந்தாமரியாங்கிற பேரு ஒரு வேர்ல முளைச்சது இல்ல, தெல்மோ. சாந்தாமரியான்னா புனித மாதா. மாதா கோயில் இல்லாத ஊரு எது? சாந்தாமரியான்னு ஊருக்கே பேர் வெச்ச இடம் எத்தனை! அந்த ஊரவிட்டு வந்தவன் எல்லாம் சாந்தாமரியா. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சாந்தாமரியா. மதம் மாறின யூதனும் அந்தப் பேர வெச்சிக்கிட்டான். விடுதியில விட்ட குழந்தையும் வெச்சிக்கிச்சு. அதனால பேர மட்டும் பாத்து ஒருத்தன் வீரன் பேரனா, விடுதிப் பேரனான்னு சொல்ல முடியாது. அந்த வகையில பிஷப்பும் சரி, நம்ம எர்சிலியாவும் சரி.”

“அப்போ வழக்கு முடிஞ்சுது. பன்றித்தோல் இன்னொரு தட்டு சொல்லட்டுமா?”

“ஆனா ஒண்ணு இடிக்குது. ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு வீரன் குதிரையில வந்து குடும்பம் நடத்தியிருந்தா, அவன் பிள்ளைங்க நாலு ஊருக்கும் பரவியிருக்கணுமா இல்லையா? பக்கத்து ஊர்ல ரெண்டு, இங்க நூத்தி நாப்பத்தெட்டுன்னா அது பழைய கணக்கு இல்ல. யாரோ நேத்து ஒரே இடத்துல மூட்டையா அவுத்துக் கொட்டின கணக்கு.” அவள் எழுந்தாள். “வண்டிய எடு. பூர்கோஸ் ஆவணக் காப்பகம். சனிக்கிழமை ஒன்றரைக்குக் கதவு சாத்திடுவான்.”

“மணி பன்னெண்டு, மேடம்! மலைப்பாதை! நம்ம வண்டிய ஊரே நாலு தகரம்னு கூப்பிடுது, அதுல ஒண்ணு ஏற்கெனவே ஆடுது!”

“மீதி மூணு போதும்.”

*

ஒன்று பத்துக்கு நாலு தகரமும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. காப்பகக் குமாஸ்தா ஒனேசிமோ சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை யாருக்காகவும் தள்ளிப் போட்டதில்லை என்பது அவருடைய வாழ்க்கைப் பெருமை. கசில்தா உள்ளே நுழைந்தவுடன், தெல்மோ அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு அவருடைய மண்ணீரலைப் பற்றி விசாரித்தான். மண்ணீரல் சரியில்லாத குமாஸ்தா உலகத்தில் இல்லை என்பது அவனுடைய அனுபவம். இருபது நிமிஷம் கிடைத்தது.

“அனாதை விடுதியோட பால் புத்தகம் வேணும். எந்தக் குழந்தையப் பால் குடிக்க எந்த ஊருக்கு அனுப்பினாங்கங்கிற புத்தகம்,” என்றாள் கசில்தா.

“எந்த வருஷம், அம்மா? சீக்கிரம் சொல்லுங்க.”

“1889!” என்று தெல்மோ முந்திக்கொண்டான். பந்தலியோன் வந்த வருஷம்.

“இல்ல. 1828-லேர்ந்து 1846 வரைக்கும்.”

தெல்மோ வாயைப் பிளந்தான். “மேடம், நம்ம ஆளு பொறக்க இன்னும் நாப்பது வருஷம் இருக்கு. அவரு அம்மாவே பொறக்கலை!”

கசில்தா தோல் அட்டை போட்ட தடிப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கங்கள் புரண்டன. “தெல்மோ, உன் முழுப் பேரச் சொல்லு.”

“தெல்மோ அர்ரிபாஸ் கதேயா. சம்பளப் பட்டியல்ல இருக்கே, மறந்துட்டீங்களா?”

“அர்ரிபாஸ் எங்கேர்ந்து வந்துது?”

“அப்பாகிட்டேர்ந்து.”

“கதேயா?”

“அம்மாகிட்டேர்ந்து. எல்லாருக்கும் அப்படித்தானே? முன்னால அப்பா, பின்னால...” தெல்மோ பாதியில் நிறுத்தினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. “மேடம். அம்மா யாருன்னே தெரியலைன்னா?”

“பின்னால எதப் போடுவ?”

“போட ஒண்ணும் இல்ல.”

“1874-ல குடும்பத் தலைவனா இருந்தவன் இந்த வருஷங்கள்லதான் பொறந்திருப்பான். பலகையில பதினோரு பேருக்குப் பின்னால போட ஒண்ணும் இல்ல. அத அந்தஸ்துன்னு படிக்க கோவநேக்ராக்காரங்களாலதான் முடியும். நூறு வருஷமா அதுக்குக் கீழ உக்காந்துதான் மீசைய முறுக்கியிருக்காங்க.” கசில்தாவின் விரல் ஒரு வரியில் நின்றது. “படி.”

தெல்மோ படித்தான். 1832, ஜூலை 23. ஆண் குழந்தை. அன்றைய புனிதரின் பெயரால் லிபோரியோ என்றும், விடுதியின் வழக்கப்படி சாந்தாமரியா என்றும் பெயரிடப்பட்டது. பால் கொடுக்க கோவநேக்ராவுக்கு, மரவண்டியில் அனுப்பப்பட்டது.

“வண்டி மரம் ஏத்திக்கிட்டு நகரத்துக்கு வரும். திரும்பும்போது காலி வண்டி. காலியா ஏன் போகணும்?” என்றாள் கசில்தா. “மேல படி.”

எவாரிஸ்தோ. அபுந்தியோ. தெலெஸ்போரோ. ஒவ்வொரு பெயரையும் தெல்மோ சபை அறையிலேயே தன் நோட்டில் எழுதிக்கொண்ட பலகைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கோடு போட்டான். பதினொன்றுக்குப் பதினொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. பந்தலியோன் செய்த ஒரே குற்றம், பலகை செதுக்கி முடிந்தபிறகு வந்து சேர்ந்ததுதான்.

“சரி, பதினோரு பையனுங்க வந்தாங்க. அதுக்காக நூத்தி நாப்பத்தெட்டு வீடா? பைன் மரத்தவிட வேகமா வளந்திருக்காங்களே!”

அதற்கான விடை இரண்டு பக்கம் தள்ளி, துருப்பிடித்த ஊசியில் குத்தியிருந்தது. 1838-ல் கோவநேக்ராவின் கோயில் பாதிரியார் விடுதிக்கு எழுதிய கடிதம். கசில்தா அதை மெல்லிய குரலில் வாசித்தாள். ‘எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் இரத்த உறவு. உறவுக்குள் மணக்க மேலிடத்தில் விசேஷ அனுமதி கேட்டு எழுதாமல் என்னால் ஒரு திருமணமும் செய்து வைக்க முடியவில்லை. மறை மாவட்டம் என் கடிதங்களைக் கண்டாலே சலித்துக்கொள்கிறது. தயவுசெய்து இன்னும் ஆண் குழந்தைகளை அனுப்புங்கள். அவர்கள் யாருக்கும் உறவு இல்லை, யாரையும் மணக்கலாம்.’

தெல்மோ தொப்பியைக் கழற்றினான். “அடப் பாவிகளா! ஊருக்கே மாப்பிள்ளைங்க!”

“பொண்ணு வெச்சிருந்த வீடெல்லாம் போட்டி போட்டிருக்கும். மெத்ரானோவும் ஒலாயாவும் தேஞ்சு போனதுக்கும், சாந்தாமரியா பெருகினதுக்கும் காரணம் இதுதான். அந்தக் காலி வண்டி வரலைன்னா இன்னிக்குக் கோவநேக்ராங்கிற ஊரே இல்ல.”

ஒனேசிமோ சாவிக்கொத்தைக் குலுக்கினார். நகல் எடுத்து முத்திரை குத்தி வாங்க, அவருடைய சாப்பாடு வாழ்நாளில் முதல் தடவையாகப் பத்து நிமிஷம் ஆறிப்போனது.

*

ஞாயிறு காலை, பூசை மணி அடிக்க அரை மணி நேரம் இருந்தபோது, பிஷப் அந்த நகல்களை மூன்று தடவை படித்தார். அறையில் கசில்தா, தெல்மோ, எர்சிலியா தவிர வேறு யாருமில்லை. மூன்றாவது தடவை படிக்கும்போது அவருடைய கண்கள் லிபோரியோ என்ற பெயரை விட்டு நகரவே இல்லை. தெல்மோவுக்கு அவரைக் கிண்டல் செய்ய நாலு வாக்கியம் தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்ல மனசு வரவில்லை.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார் பிஷப்.

“இந்த அறையில இருக்கிறவங்களுக்கு,” என்றாள் கசில்தா. “எர்சிலியாவுக்கு நேத்து சாயங்காலம் காட்டினேன். ராத்திரி பூரா தூங்கலையாம். முடிவு அவளுது.”

பிஷப் நாற்காலியை இழுத்து எர்சிலியாவுக்குப் போட்டார். நேற்று வரை அந்த அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது.

“பாரும்மா, எர்சிலியா. இது வெளிய போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? விதியில பழைய வம்சம்னு எழுதியிருக்கு. நூத்தி நாப்பத்தெட்டு வீட்டுக்கும் பங்கு போயிடும். மெத்ரானோ, ஒலாயா, லபார்கா, மூணும் சேந்து மொத்தக் காட்டையும் அள்ளிக்கும். உனக்கும் ஒரு குச்சி கிடைக்காது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வேற வழி இருக்கு. உன் தாத்தா பந்தலியோன், எங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்குக் கல்யாணத்துக்கு வெளியில பொறந்தவர்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். குடும்பத்துல சொல்லிக்கிட்ட ரகசியம்னு சொல்லிடலாம். நீ எங்க வம்சத்துல சேந்துடுவ. இன்னிக்கே பங்கு. இந்தக் காகிதம் அந்த அடுப்புக்குள்ள போகட்டும்.”

தெல்மோ மூச்சை இழுத்துப் பிடித்தான். அவள் வாசற்படியில் நின்று கேட்ட காகிதம் இதுதான், வரிக்கு வரி. வழக்கு ஜெயித்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு பூர்கோஸ் போய்விடலாம்.

எர்சிலியா நாற்காலியில் உட்காரவில்லை.

“நேத்து மதியம் வரைக்கும் இதுக்குத்தான் அலைஞ்சேன், பெரியவரே. யாராவது ஒரு அப்பன் தாத்தாவுக்குக் கிடைக்க மாட்டானான்னு. இப்போ நீங்க ஒரு அப்பன எடுத்துக் குடுக்கிறீங்க. எனக்கு வேண்டாம்.”

“முட்டாள்தனம் பண்ணாத!”

“எங்க தாத்தாவப் பெத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரத் தெரியும். ஏழு வயசுல ஆடு மேச்சாரு, பதினஞ்சு வயசுல கோடாலி புடிச்சாரு, கையால கல்லு தூக்கி வீடு கட்டினாரு. அந்த மனுஷனுக்குப் பொய்யா ஒரு அப்பன ஒட்டவெச்சுத்தான் எனக்கு மரம் கிடைக்கும்னா, அந்த மரம் நின்ன இடத்துலேயே மக்கிப் போகட்டும். விடுதிக் குழந்தையோட பேத்தியாத்தான் நான் சீட்டு எடுப்பேன். இல்லைன்னா எவனும் எடுக்க மாட்டான்.”

அவள் நகல்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு அறைந்த சத்தத்தில் பலகை லேசாக ஆடியது.

“மேடம்,” என்றான் தெல்மோ, “நம்ம கட்சிக்காரிக்கு ஜெயிக்கவும் தெரியலை, சும்மா இருக்கவும் தெரியலை.”

“அதனாலதான் அவ வழக்க எடுத்தேன்,” என்றாள் கசில்தா. “வா.”

*

சதுக்கம் நிரம்பியிருந்தது. பூசைக்குப் போட்ட நல்ல உடுப்போடு ஊர் முழுக்க வரிசை கட்டி நின்றது. மேஜைக்குப் பின்னால் சபைச் செயலர் பேரேட்டைத் திறந்து வைத்திருந்தார். மேஜைக்கு முன்னால், சீட்டுகள் போட்ட ஆட்டுத்தோல் பையை மார்சியானோ பிடித்துக்கொண்டு நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், லாரி ஓட்டுபவன். கடைசியாகப் பங்குக்கு வந்தவன் யாரோ அவன்தான் பையைப் பிடிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவன் போன வருஷம்தான் தனிக் குடித்தனம் போனவன்.

செயலர் முதல் பெயரைக் கூப்பிடுவதற்குள் எர்சிலியா மேஜைக்கு முன் போய் நின்றுவிட்டாள்.

“எர்சிலியா சாந்தாமரியா. எழுதுங்க.”

செயலர் பிஷப்பைப் பார்த்தார். பிஷப் தன் கைத்தடியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் செயலரின் வாய் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டது. “எந்த வீட்டு வழி?”

“பந்தலியோன் வழி. அப்பா பேர் தெரியாது. அம்மா பேர் தெரியாது. பூர்கோஸ் விடுதியிலேர்ந்து மரவண்டியில வந்தவர்.” சதுக்கத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பு வந்த பக்கம் திரும்பினாள். “சிரிங்க. ஆனா இதையும் கேட்டுட்டுச் சிரிங்க.”

அவள் நகலைப் பிரித்துப் பதினோரு பெயர்களையும் வாசித்தாள். தேதி, வருஷம், மரவண்டி எல்லாவற்றோடும். எவாரிஸ்தோ என்றபோது மார்சியானோவின் கை பையை இறுக்கியது. அது அவனுடைய பாட்டனாரின் அப்பா பெயர். லிபோரியோ என்றபோது சிரிப்பு எங்கேயும் இல்லை. பிறகு அவள் பாதிரியாரின் கடிதத்தையும் வாசித்தாள். ஒரு கிழவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“பொய்!” என்று ஒருவன் கத்தினான்.

“முத்திரை இருக்கு, வந்து பாரு!” என்றாள் எர்சிலியா. “நம்ம ஆளுங்கள யாரும் இந்த ஊருக்குப் பிச்சையா அனுப்பலை. இந்த ஊருதான் கடிதம் எழுதிக் கெஞ்சிக் கூப்பிட்டுச்சு!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேல்கோட்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். மெத்ரானோ வம்சத்தின் மூத்தவர். முகத்தில் அடக்க முடியாத வெளிச்சம். “ஒரு நிமிஷம். அப்போ விதிப்படி பாத்தா, காடு இனிமே எங்க மூணு வம்சத்துக்கு மட்டும்தானே?”

பிஷப் பயந்தது நடந்துவிட்டது. எர்சிலியாவின் முகம் வெளிறியதை தெல்மோ பார்த்தான். அவன் மூளைக்கு முன்னால் அவன் வாய் ஓடியது. இந்த ஒரு தடவை அது சரியான திசையில் ஓடியது.

“ஐயா, உங்க பேர் என்ன சொன்னீங்க?”

“அனாஸ்தாசியோ மெத்ரானோ.”

“முழுப் பேர், ஐயா. அம்மா பேரோட. செயலர் எழுதணும்ல?”

அனாஸ்தாசியோ வாயைத் திறந்தார். மூடினார். கூட்டத்தில் ஒரு பெண் அவருக்காகச் சொன்னாள். “மெத்ரானோ சாந்தாமரியா! அவங்கம்மா எங்க அத்தைதானே!”

சதுக்கம் சிரித்தது. தெல்மோ விடவில்லை. “ஒலாயா வீட்டுக்காரங்க யாராவது இருக்கீங்களா? பின்னால என்ன பேரு? லபார்கா?”

“சாந்தாமரியா!” என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. ஒலாயா வீட்டு இளைஞன் ஒருவன் மட்டும், “எனக்கு இல்ல! எங்க பாட்டிக்குத்தான்!” என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு. முன்னால் இல்லாவிட்டால் பின்னால், பின்னாலும் இல்லாவிட்டால் அதற்கும் பின்னால். விடுதிப் பெயர் படாத உடம்பு அந்தச் சதுக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. விடுதி ரத்தம் ஆகாது என்றால் காட்டில் பங்கு கேட்க ஆளே மிஞ்சாது. அனாஸ்தாசியோ மேல்கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே வரிசைக்குத் திரும்பினார்.

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் பிஷப்பைப் பார்த்தார்கள். அப்போது மார்சியானோ இரண்டு எட்டு வைத்து எர்சிலியாவுக்கு எதிரே வந்து நின்றான். ஒரு கணம் தெல்மோ முஷ்டியை இறுக்கிக்கொண்டான், அவ்வளவு பெரிய ஆளிடம் அதனால் என்ன பயன் என்று தெரியாமலேயே.

மார்சியானோ பையை அவளிடம் நீட்டினான். “பிடி. இந்த வருஷம் புதுசு நீதானே.”

எர்சிலியா பையை வாங்கினாள். முதல் சீட்டை அவளே எடுத்தாள். செயலர் பேரேட்டில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்தது மார்சியானோ. “எந்த வீட்டு வழி?” என்றார் செயலர்.

“எவாரிஸ்தோ வழி.” வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அவன் தொப்பியைக் கழற்றாமல், நிமிர்ந்து நின்று, ஊரைப் பார்த்துச் சொன்னான். “அப்பா பேர் தெரியாது. அம்மா பேர் தெரியாது.”

அவனுக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஓநாய் என்று ஊர் கூப்பிடும் முரட்டு மனிதர். அதற்கப்புறம் வரிசை வேகம் பிடித்தது. அபுந்தியோ, தெரியாது, தெரியாது. தெலெஸ்போரோ, தெரியாது, தெரியாது. சிலர் கோபமாகச் சொன்னார்கள். சிலர் சவால் விடுகிற மாதிரி சொன்னார்கள். ஒரு பெண் பாட்டுப் பாடுகிற மாதிரியே சொன்னாள். தெல்மோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலைக்காற்று என்று கசில்தாவிடம் புகார் செய்தான்.

கடைசியில் பிஷப் மட்டும் மிச்சம் இருந்தார். தலைவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெல்மோ நினைத்தான். அவர் போகவில்லை. கைத்தடியை மேஜை மேல் படுக்க வைத்துவிட்டு, ஆசி வழங்குகிற நடை இல்லாமல், சாதாரணமாக நடந்து வந்தார்.

“எந்த வீட்டு வழி?” என்றார் செயலர், பேரேட்டிலிருந்து தலை நிமிராமலேயே.

“லிபோரியோ வழி.”

எழுபது வருஷம் ஒரு வீரனின் பேரனாக வாழ்ந்த மனிதர்.

“அப்பா பேர்...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “தெரியாது. அம்மா பேரும் தெரியாது!”

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எர்சிலியா பையின் வாயை இரண்டு கைகளாலும் அகலமாகப் பிரித்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

“கைய விடுங்க, பெரியவரே. உங்களுக்கும் பங்கு உண்டு.”